சிரிப்புப் பிளேட்டு

முதன்முதலில் நான் ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்தபோது என்னை யாரும் பார்க்கவில்லை. மயிலாப்பூரில் ஓர் அமெச்சூர் நாடக சபாவில் நான் பிராம்ப்டர். பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. எங்கள் நடிகர்கள் எல்லோரும் வக்கீல்கள், குமாஸ்தாக்கள். ஆபீஸ் விட்டு ஓடிவந்து அரிதாரம் பூசிக்கொள்கிறவர்களுக்குப் பாடம் பண்ண நேரம் ஏது? ராஜா வேஷக்காரர் நான் ஒவ்வொரு வார்த்தையாக ஊட்டினால்தான் வாயைத் திறப்பார். அன்றைக்கு ஒரே வரியை நான் மூன்று தரம் சொல்லியும் அவர் மரம் மாதிரி நின்றார். எனக்கு எப்போதும் மூக்கின்மேல் கோபம். "எத்தனை தரம் ஐயா சொல்வது, உமக்குக் காது செவிடா?" என்று சீறினேன். அவர் அதுதான் வசனம் என்று எண்ணி, கம்பீரமாக மந்திரி பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, அப்படியே முழங்கிவிட்டார். கொட்டகை இடிந்துபோகிற மாதிரி சிரித்தது.

நாடகம் முடிந்ததும் உதைக்க வருவார்கள் என்று நினைத்தேன். காரியதரிசி வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த நாடகத்தில் எனக்கு பபூன் வேஷம் கொடுத்தார்கள். அதை ஏன் கேட்கிறீர்கள்! நான் மேடைக்கு வந்தேன், குட்டிக்கரணம் போட்டேன், விழுந்தேன், எழுந்தேன். ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் வாய் பிளந்து கொட்டாவி விட்டார். எனக்குச் சிரிப்பு முகம் இல்லை என்பது அன்றே தீர்மானமாகிவிட்டது. ஆனால் குரல் மெலிசு. ஆகவே சேலை கட்டி ஸ்திரீ பார்ட்டில் தள்ளிவிட்டார்கள். நாடகத்துக்கு நடுவே பிரஹசனம் என்று ஒரு சின்னச் சிரிப்பு நாடகம் வரும், அதில் நான் வாயாடிப் பெண்டாட்டி. என் புருஷனாக வந்தவன்தான் என் சிநேகிதன்.

அவன் ஒரு வக்கீல் குமாஸ்தா. நல்ல தாட்டியான ஆள், அடித்தொண்டைக் குரல். நான் மேடையில் அவனை வாயில் வந்தபடி ஏசுவேன். அவன் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பை எப்படி எழுதிக் காட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. முதலில் மூக்கில் ஒரு சின்னச் சத்தம் வரும். பிறகு ஒன்றுமே இருக்காது. சரி, அடக்கிக்கொண்டுவிட்டான் என்று நாம் அடுத்த வரிக்குப் போகும்போது வயிற்றிலிருந்து கிளம்பும் பாருங்கள், சனியன், நிற்கவே நிற்காது. அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே சிரித்தான். அவன் சிரிப்பதற்காகவே நான் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சேர்த்துக்கொண்டு போனேன். நான் எழுத ஆரம்பித்தது அப்படித்தான்.

இதே ஆள் தன் வீட்டுக்குள் காலை வைத்தால் ஊமை. அவன் அப்பா பென்ஷன் வாங்கிய பெரிய உத்தியோகஸ்தர். அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டில் பாத்திரம்கூட ஓசைப்படாது. அவனுக்குக் கல்யாணமாகிப் பெண் வந்தாள். பெரியவர்கள் நடமாடும் இடத்தில் புருஷன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசிவிட முடியுமா, அந்தக் காலத்தில்? தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பான், அம்மா அவளிடம் சொல்வாள். ராத்திரியில்கூட, பக்கத்து அறையில் அப்பா இருமுவது கேட்கும்படியான மெல்லிசுச் சுவர். "ஏண்டா, அந்தப் பெண் நீ ஊமைன்னே நெனச்சுண்டிருப்பாடா," என்று நான் கேலி செய்வேன். அதற்கு மட்டும் அவன் சிரித்ததில்லை.

சேலை கட்டிப் பிழைக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. பத்திரிகைகளில் விகடப் படம் போடுகிறவர்களுக்கு மவுசு வந்திருந்த சமயம். நானும் இந்தியன் இங்க்கும் பேனாவும் வாங்கி இரவு பகலாகக் கிறுக்கினேன். என் கையில் மனுஷன் பூசணிக்காய் மாதிரி வருவான், பூசணிக்காய் மனுஷன் மாதிரி வரும். ஒரு பத்திரிகை ஆசிரியர் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மாடா, மாமியாரா?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். "படத்தை விட்டுத் தள்ளும் ஐயா, கீழே எழுதியிருக்கீரே, அதை வாரா வாரம் கொண்டுவாரும்," என்றார். கீழே இருந்தது ஒரு புருஷன், பெண்டாட்டி சம்பாஷணை. மேடையில் நாங்கள் பேசிக்கொண்டதுதான். அதை எழுதும்போது என் காதில் அவன் குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு நான் பதில் எழுதினேன், அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

அந்தச் சம்பாஷணைகளைப் படித்துவிட்டு ஒரு கிராமபோன் கம்பெனிக்காரர் தேடிக்கொண்டு வந்தார். பாட்டுப் பிளேட்டோடு பேச்சுப் பிளேட்டும் விற்க ஆரம்பித்திருந்தார்கள். என்னையும் என் சிநேகிதனையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சுவரெல்லாம் கம்பளி. வெளிச் சத்தம் எதுவும் இல்லை. ஆள் இல்லை, கைதட்டல் இல்லை, இருமுகிறவன்கூட இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் பேச வேண்டும், அணைகிற வரைக்கும் பேச வேண்டும். ஊசி மெழுகுத் தட்டில் எழுதிக்கொண்டே போகும், நடுவில் நின்றால் தட்டு வீண். பயத்தில் நான் வேகமாகப் பேசிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று, விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் கையைச் சுழற்றுகிறான், பேசு பேசு என்று. எனக்கு வியர்த்துக் கொட்டியது. பெண் குரலிலேயே, "ஏன் இப்படி முழிக்கறேள், ஏதாவது சொல்லித் தொலையுங்கோளேன்!" என்று கத்திவிட்டேன். சிநேகிதனுக்கு மூக்கில் அந்தச் சத்தம் வந்தது. ஒரு நொடி நிசப்தம். பிறகு அவன் சிரித்தான், விளக்கு அணைகிற வரைக்கும் சிரித்தான்.

அந்தப் பிளேட்டில் அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதியது. சிரிப்பு மட்டும்தான் அவனுடையது. ஜனங்கள் வாங்கினது சிரிப்பைத்தான். கடையில் போய், "சிரிப்புப் பிளேட்டு கொடு," என்றே கேட்டார்கள். கம்பெனி ஆளுக்கொரு பிரதி கொடுத்தது. என்னுடையதன்மேல் என் மைத்துனர் உட்கார்ந்து உடைத்துவிட்டார், பாவம், கனத்த சரீரம். அவனோ தன் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போகவே முடியாது. அப்பா பார்த்தால் பிளேட்டோடு அவனையும் தெருவில் எறிந்துவிடுவார். அதை என்ன செய்தான் என்று நான் கேட்கவும் இல்லை.

பிளேட்டு வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் விஷ ஜுரம் வந்து அவன் போய்விட்டான். இதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா அதே நாற்காலியில். முகம் இறுகிக் கிடந்தது. அம்மா தூணோரம். அவன் மனைவி உள்ளே எங்கேயோ. நான் உட்கார்ந்திருந்தபோது எதிர்ச் சாரியிலிருந்து அவன் குரல் கேட்டது. உடம்பு சில்லிட்டுவிட்டது எனக்கு. எதிரே பெட்ரோமாக்ஸ் விளக்கும் கிராமபோனும் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் கடை. கடைக்காரர் விளக்கு வைத்ததும் பிளேட்டு போடுவது வழக்கம். அவன் பேசுகிறான். நான் பெண் குரலில் ஏசுகிறேன். பிறகு அவன் சிரிக்கிறான். பெரியவர் அசையவே இல்லை. நான் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்து ஓடினேன்.

"ஓய், உமக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா? எதிரே சாவு விழுந்த வீடு தெரியவில்லையா? இனிமேல் இந்தப் பிளேட்டு இங்கே பாடினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது!" என்று கத்தினேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னமோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. "நீ சொன்னா சரி சாமி," என்று ஊசியைத் தூக்கிவிட்டார். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்போடு நான் வீட்டுக்குப் போனேன்.

மயிலாப்பூரில் எங்கே திரும்பினாலும் அவனாக இருந்தது. அதனால் மாம்பலத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனேன். தியாகராய நகர் என்று பெயர் வைத்து மனை மனையாகப் பிரித்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். கிருகப்பிரவேசம் இல்லாத வாரமே கிடையாது. கிருகப்பிரவேசம் என்றால் கிராமபோன், கிராமபோன் என்றால் சிரிப்புப் பிளேட்டு. பாதி கட்டின சுவர்களுக்கு நடுவில், ஆள் குடியேறாத தெருக்களில், செத்துப்போனவன் சிரித்துக்கொண்டிருந்தான். அதைவிடக் கொடுமை என் குரல். உயிரோடிருக்கிற நான் பாதையில் நிற்கிறேன், நானே பெண்ணாக அங்கே அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். என்னில் பாதியை அவன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் போல் இருக்கும். காதைப் பொத்திக்கொண்டு சந்து சந்தாக ஓடியிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்தச் சமயம் அடையாற்றுப் பக்கம் தோப்புக்குள் ஒரு பேசும்பட ஸ்டூடியோ வந்திருந்தது. அப்போதெல்லாம் ஹாஸ்யத்தைத் தனியாக எடுத்துக் கதைக்கு நடுவில் ஒட்டிவிடுவார்கள். அதை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல சந்தர்ப்பம்தான். எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். அங்கே ஹாஸ்ய வேஷக்காரர் கெட்டிக்காரர், ஒல்லியான மனுஷர். இரண்டு வரி பேசிப் பார்த்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார். "ஓய், நீர் எனக்கு எழுதலை. வேற யாரோ குண்டு ஆசாமிக்கு எழுதியிருக்கீர். அவரையே கூட்டிண்டு வாருமே," என்றார். நான் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எதை எழுதினாலும் அவன் குரலில்தான் வந்தது, அந்தக் குரலுக்கு வாய் இல்லை. மாதக்கணக்கில் ஒரு வரிகூட உருப்படியாக எழுதவில்லை.

அவனுடைய வருஷாப்திகத்துக்கு, முதல் வருஷத் திதிக்கு, மறுநாள் அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பெரியவர் கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"எதிர்க் கடையில அந்தப் பிளேட்டை ஏன் நிறுத்திட்டான்னு நோக்குத் தெரியுமோ?" என்றாள்.

"நான்தான் மாமி நிறுத்தச் சொன்னேன். உங்களுக்கெல்லாம் மனசு கஷ்டப்படுமேன்னு."

அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் அவன் மனைவி நிற்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் நிறுத்திட்டான்னு இவ கேட்டுண்டே இருக்கா, பாவம். அவன் இருந்த நாள்லேர்ந்து, வெளக்கு வெக்கிற நேரமானா எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு ஜன்னலண்ட வந்து நின்னுப்பா. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். ரெண்டு வருஷத்துல அவன் இவகிட்ட பேசினதை ஒரு கையில எண்ணிடலாம்டா. பிளேட்டுலதான் வாய் ஓயாம பேசினான். அதையும் நிறுத்திப்பிட்டியே."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு வந்த கோபம் முழுக்க என்மேல்தான். துக்க வீடு என்றால் நிசப்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? கதவுக்குப் பின்னால் இருப்பவளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! ஆனால் அந்தத் தெருவில் யாருக்குத்தான் தோன்றியிருக்கும்?

அம்மா கதவருகே போய் எதையோ கேட்டுவிட்டு வந்தாள். "அவன் வெளியில எல்லார்கிட்டயும் அந்தப் பிளேட்டுல மாதிரிதான் பேசுவானான்னு கேக்கறா."

அவை என் வார்த்தைகள். ஒவ்வொன்றும் மாம்பழப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து நான் எழுதியவை.

"ஆமாம் மாமி. இப்படித்தான் பேசுவான்," என்றேன்.

"அப்போ அந்தப் பிளேட்டை ஒரே ஒரு தரம் கேக்கணுமாம். பெரியவர் இல்லாத நேரமா."

நேராகக் கடைக்குப் போய்ப் பிளேட்டைக் கேட்டேன். கடைக்காரர் ஒரு விளக்குக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சாமி, அன்னிக்கி நிறுத்துன்னு குதிச்சே, இன்னிக்கி குடுன்றே. இன்னா ஆளு நீ?" என்றார். "அது எம் பிளேட்டே இல்ல, தெரியுமா? எதிர் வூட்டுப் புள்ள, அவுரு குட்த்தது. ஆபீஸ் வுட்டு வந்து இங்க நின்னுக்கினு சொன்னாரு. 'நைனா, தெனம் வெளக்கு வெக்கிற நேரத்துக்கு இத்தப் போடு. கெராமபோன் கொயாய மட்டும் எங்க வூட்டுப் பக்கமா திருப்பி வெச்சிக்கோ'ன்னாரு. சொல்லிட்டு அவுரு பாட்டுக்கு வாயே தொறக்காம உள்ள பூடுவாரு. நான் போட்டுக்கினே இருப்பேன். பெரியவருக்குத்தான் புள்ள கொரலே அடையாளம் தெரியாதே. யாருக்குன்னு அவுரு சொல்லல. நமக்குத் தெரியாதா சாமி?"

"ஏன் ஐயா இதை அன்றைக்கே சொல்லவில்லை?"

"நீ எங்க சொல்ல வுட்டே? வந்ததும் வராததுமா கத்தினே."

நான் அந்தக் கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நாள் அவனை ஊமை, ஊமை என்று கேலி செய்திருப்பேன்! பாவி, தன் வீட்டுக்குத் தெருவைத் தாண்டி நின்று பேசியிருக்கிறான். அதுவும் என் வார்த்தையில் பேசியிருக்கிறான். சொந்த வார்த்தை சொல்ல அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பிளேட்டு கடையில் இல்லை. பட்டினப்பாக்கத்தில் ஒரு மீன்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிராமபோன் போனபோது கூடப் போனது, அங்கேயே தங்கிவிட்டது. கம்பெனியில் விசாரித்தேன். எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது, இனி அடிப்பதில்லை என்றார்கள். பட்டினப்பாக்கத்துக்கு நடந்தேன். வலை காய்கிற மணலில் அந்த வீட்டுக்கார அம்மாள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சிரிப்புக்காரன் பிளேட்டா? கீது, கீது," என்றாள். "எம் பொண்ணு கண்ணாலத்தன்னிக்கி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு ஒரே அயுவ. மாப்ளையப் பாத்தா பயம். இத்தப் போட்டோம். அந்த ஆளு சிரிக்கிறான் பாரு, அந்த எடத்துலயே ஊசியத் தூக்கித் தூக்கி வெச்சோம். அப்பால தாங்க முடியாம அதுவும் சிரிச்சிடுச்சி. அன்னிலேர்ந்து கொயந்தைங்கோ தெனம் அந்த எடந்தான் கேக்கும். எடுத்துக்கினு போ சாமி. ஆனா கேட்டுட்டுக் குட்த்துடணும்."

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமாக ஒரு வளையம் ஓடியிருந்தது. அவன் சிரிக்கிற இடம், ஊசி பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கிறது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெரியவர் ஊருக்குப் போன ஒரு மத்தியானம். கடைக்காரர் தாமே கிராமபோனைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்துச் சாவி கொடுத்தார். குழாயை, யாரும் சொல்லாமலே, அடுக்களைக் கதவுப் பக்கம் திருப்பினார். புது ஊசி போட்டார். அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

என் கீச்சுக் குரல் வந்தது. "காலம்பர கத்தரிக்கா வாங்கிண்டு வரச் சொன்னேனே, எங்கே?"

அவன் பதில் சொல்ல வேண்டும். கொரகொரவென்று ஊசியின் சத்தம் வந்தது. ஆழமான குரல் எல்லாம் தேய்ந்து, எங்கோ கிணற்றுக்குள் யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, மெல்லிய குரலில், சரியான இடத்தில், அவன் சொல்ல வேண்டிய பதில் வந்தது.

"வாங்கினேன். வழியில ஒங்கப்பா எதிர்ல வந்தார்."

"வந்தா?" என்றது பிளேட்டு.

"அவர் பையில எடம் இருந்தது."

"எங்கப்பாவைத் திருடன்கறேளா?"

"சேச்சே. திருடனா இருந்தா என் பையையாவது விட்டுட்டுப் போயிருப்பானே."

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்புத்தான், நான் பார்த்தேன். அந்த வீட்டில் நான் கண்ட முதல் சிரிப்பு அது. உள்ளே இருந்தவள் நிறுத்தவில்லை. அவன் எடுத்துக்கொள்கிற மூச்சு, அவன் தயங்குகிற இடம், எல்லாம் அவளுக்குப் பாடம். ஒரு வார்த்தை பிசகவில்லை. எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன் நான், இப்படி ஒருத்தர் என் வசனத்தைப் பேசிக் கேட்டதில்லை. என் எழுத்துக்கு ஓர் உயிருள்ள வாய் கிடைத்துவிட்டதென்று, அந்த நிலைமையிலும், இந்தப் பாழும் எழுத்துக்கார மனசு சந்தோஷப்பட்டது.

கடைக்காரர் தட்டைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் பக்கமும் அப்படியே ஓடியது, நான் கேட்க, அவள் அவனாகப் பதில் சொல்ல. கடைசியில் எழுதி வைத்தது தீர்ந்து, பயந்துபோன என் கத்தல் வந்தது. "ஏன் இப்படி முழிக்கறேள், ஏதாவது சொல்லித் தொலையுங்கோளேன்!"

அதற்குப் பிறகு ஊசி அந்தச் சாம்பல் வளையத்தில் இறங்கியது. இரைச்சல், வெறும் இரைச்சல். நாங்கள் மூன்று பேரும் கதவைப் பார்த்தோம். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. பிளேட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கப் போகும் சமயத்தில், அதுவரை அவன் குரலில் பேசியவள், தன் குரலில் சொன்னாள்.

"இந்த எடத்துல அவர் சிரிப்பார்."